பூக்கும் முன்னே பிடுங்கு: வலியசாலை கேள்வி-பதில்

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் களையைப் பற்றியே. ஆகவே இந்த முறை சினிமா இல்லை, அரசியல் இல்லை. முழுக்கப் புல்லும் பூண்டும்.

கேள்வி (வலியசாலைத் தெரு மாமி): மேட மாசம் மதில் ஓரம் வெறும் மண். மிதுனம் பாதியில ஒரே பச்சை. நான் ஒரு விதை போடலை. யார் போட்டா?

பதில்: போன வருஷத்துச் செடி போட்டது. சாகும் முன் அது செய்த கடைசிக் காரியம் அதுதான். முளை, இலை, பூ, விதை, மரணம்: ஓராண்டுக் களையின் வாழ்க்கை வரலாறு ஐந்தே சொல்லில் முடிந்துவிடும். மேடத்தில் நீங்கள் வெறும் மண் என்று நினைத்தது முழுக்கத் தூங்கும் விதை, மாமி.

கேள்வி (கரமனை): ஓராண்டு என்றால் சரியாகப் பன்னிரண்டு மாதமா?

பதில்: இல்லை. ஒரு தலைமுறை ஒரு வருஷத்துக்குள் முடிகிறது என்பதுதான் பொருள். அம்மான் பச்சரிசியும் குப்பைக்கீரையும் நம் ஊர் ஈரத்தில் சில வாரங்களிலேயே பூத்துவிடும். ஒரு வருஷத்தில் பேரன் பேத்தி எடுத்துவிடும்.

குளிர் நாட்டில் இவற்றுள் இரண்டு கட்சி. வசந்தத்தில் முளைத்துப் பனிக்கு முன் முடிப்பது ஒன்று. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிரைச் சின்னச் செடியாகவே கடந்து, கோடைக்கு முன் முடிப்பது மற்றொன்று. திருவனந்தபுரத்தில் மணியடிப்பது குளிர் அல்ல, மழை. இடவப்பாதிக்கு ஒரு கூட்டம், துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு கூட்டம்.

கேள்வி (பூஜப்புரை): கோரையை எத்தனை தடவை பிடுங்கினாலும் மறுபடி வருகிறதே, இதற்கு வருஷக் கணக்கே கிடையாதா?

பதில்: கிடையாது. கோரை பல்லாண்டுச் செடி. நீங்கள் பிடுங்கியது இலையை. ஆள் கீழே கிழங்காக உட்கார்ந்திருக்கிறார், அதுவும் வரிசையாக. அருகம்புல்லும் அதே சாதி. மம்பட்டியால் கொத்தித் துண்டாக்கினால், துண்டுக்கு ஒரு செடி கிடைக்கும்.

ஓராண்டுக் களைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வேரோடு வந்துவிட்டால் கதை முடிந்தது. ஆகவே முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் கை வையுங்கள்.

கேள்வி (அட்டகுளங்கரை): களை விதை மண்ணுக்குள் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்?

பதில்: 1879-ல் வில்லியம் பீல் என்ற அமெரிக்கத் தாவரவியல் பேராசிரியருக்கும் இதே சந்தேகம். மிச்சிகனில் 20 புட்டிகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் 21 வகைச் செடி, வகைக்கு 50 விதை, கூடவே ஈர மணல். வாய் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் புதைத்தார். ஐந்து வருஷத்துக்கு ஒரு புட்டி என்று தோண்டத் தொடங்கினார்கள். பிறகு பத்து, இப்போது இருபது வருஷத்துக்கு ஒன்று.

2021-ல் இருட்டோடு இருட்டாக ஒரு புட்டியை எடுத்தார்கள். 142 வருஷம் புதைந்து கிடந்த விதைகளில் சில முளைத்தன. முளைத்தது வெர்பாஸ்கம் என்ற ஈராண்டுச் செடி. கடைசிப் புட்டியின் முறை 2100-ல். பீல் 1924-லேயே காலமானார். கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது.

கேள்வி (அதே அட்டகுளங்கரை, வேறு வீடு): அது என்ன இருட்டில் தோண்டுவது? திருட்டா?

பதில்: எச்சரிக்கை. பொடி விதைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சத்தின் உத்தரவு வேண்டும். ஒரு நொடி வெயில் பட்டாலே போதும், “நாம் மேலே வந்துவிட்டோம்” என்று கிளம்பிவிடும். விரலாழத்தில் இருட்டில் கிடந்தால் அசையாது; அங்கிருந்து முளைத்தால் வெளியே வரும் முன் கைச்சோறு தீர்ந்துவிடும் என்று அதற்குத் தெரியும்.

1990-ல் ஜெர்மனியில் ஒருவர் இதையே விவசாயமாக்கினார். ராத்திரியில் உழுதால் களை குறைகிறது என்று காட்டினார். பின்னால் வந்த சோதனைகளில் சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. விதைகளுக்குள்ளும் ராத்திரி ஆசாமிகள் உண்டு போலிருக்கிறது.

கேள்வி (நேமம், வாழைத் தோட்டக்காரர்): அப்படியானால் கொத்துவதே தப்பா?

பதில்: ஆழமாகக் கொத்துவது தப்பு. அடியில் உறங்குவதை மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டுகிறீர்கள். விஷு கழிந்து ஒரு கோடைமழை பெய்யும், பாருங்கள். அதற்கு முளைக்கிற முதல் கூட்டத்தை, இரண்டிலைப் பருவத்திலேயே, வெயில் நாளில் மேலோடு சுரண்டிவிடுங்கள். பிறகு வாழைச் சருகையும் தென்னோலையையும் கனமாக மூடாக்குப் போடுங்கள். இடவப்பாதி வரும்போது முளைக்க ஆள் குறைந்திருக்கும்.

கேள்வி (கோட்டைக்குள்): ஒரே செடியின் விதை எல்லாம் ஒரே நாளில் முளைத்தால் ஒரே நாளில் ஒழித்துவிடலாமே! ஏன் தவணை முறையில் வருகிறது?

பதில்: உங்களைப் போன்றவர் இருப்பது தெரிந்துதான்! மருளூமத்தையின் முள்காய்க்குள் இரண்டு விதை. ஒன்று முதல் மழைக்கே புறப்படும். மற்றது தூங்கும், பெரும்பாலும் அடுத்த வருஷம்தான் எழும். முதல் பிள்ளையை ஆடு மேய்ந்தாலும் வம்சம் நிற்காது. நம் அக்ரஹாரத்தில் ஒரு பிள்ளை அமெரிக்காவில், ஒரு பிள்ளை அகத்தில் என்பது மாதிரியான ஏற்பாடு.

நெருஞ்சியும் இப்படித்தான். ஒரு முள்துண்டுக்குள் அறை அறையாக விதை. பெரியது முதலில், மற்றவை காத்திருந்து.

கேள்வி (கிள்ளிப்பாலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): சிலேட்டு அழிக்க மஷித்தண்டு பறித்த தலைமுறை நான். என் பேரனுக்குக் காட்டலாம் என்று தேடினால் காணோம். அழிந்துவிட்டதா?

பதில்: சிலேட்டுதான் அழிந்தது, சார். மஷித்தண்டு பத்திரமாக இருக்கிறது. நீங்கள் மாசியில் தேடியிருப்பீர்கள். ஆடி மாதம், வெட்டுகல் மதிலின் நிழல் பக்கம், கிணற்றடி, ஓடைக் கல்லிடுக்கு, இங்கே பாருங்கள். கண்ணாடி மாதிரித் தண்டு, இதய வடிவ இலை, எலிவால் போல நீண்ட பூங்கதிர். மழை நின்று மண் காய்ந்ததும் போய்விடும். பொடி விதை மட்டும் மதிலில் தங்கும்.

இன்னொன்றும் பேரனிடம் சொல்லுங்கள். இது மிளகுக் குடும்பம். கேரளம் உலகத்துக்கு மிளகு அனுப்பியது. மிளகின் இந்த ஏழைச் சொந்தக்காரி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து நமக்கு வந்தாள். வந்து, மூன்று நான்கு தலைமுறைக் குழந்தைகளின் தப்புக் கணக்கை அழித்தாள். அதற்காகவாவது மதிலைச் சுரண்டும்போது ஒரு மூலையை விட்டுவையுங்கள்.

கேள்வி (தக்கலை): காந்தளூர்ச்சாலை என்பது வலியசாலைதானே? ராஜராஜன் வந்தபோது அங்கே களை இருந்திருக்குமா?

பதில்: வலியசாலை மகாதேவர் கோயிலோடு சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கு. இடம் எது, ராஜராஜன் காந்தளூர்ச்சாலையில் அறுத்ததாகக் கல்வெட்டு சொல்லும் ‘கலம்’ எது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் களையைப் பற்றித் தெரியும், அதைச் சொல்கிறேன்.

985-ல் பட்டம் ஏறியவன் ராஜராஜன். கொலம்பஸ் கப்பல் ஏறியது 1492-ல். இன்று நம் தெருவோரம் நிற்கும் மஷித்தண்டு, வெட்டுக்காயப் பூண்டு, தொட்டாற்சுருங்கி, அம்மான் பச்சரிசி நான்கும் அமெரிக்கக் கண்டத்து ஜன்மங்கள். சோழச் சிப்பாய் மிதித்தது தும்பையையும் கோரையையும். காலில் குத்தியது நம் சொந்த நெருஞ்சி.

கேள்வி (பாலராமபுரம்): அம்மான் பச்சரிசி வெளிநாட்டுச் சரக்கா! பாட்டி வைத்தியம் என்று நம்பியிருந்தேனே?

பதில்: பாட்டி கெட்டிக்காரி. வந்த செடியை வெறுமனே விடவில்லை.

கேள்வி (ஜகதி, கல்லூரி மாணவி): கர்க்கடகத்தில் பாட்டி தசபுஷ்பம் வேண்டும் என்கிறாள். மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். இது பூஜைக்குரிய பூவா, களையா?

பதில்: இரண்டும். அதுதான் இந்த ஊரின் பெருமை. அருகம்புல், விஷ்ணுகிராந்தி, முக்குற்றி, பூவாங்குருந்தல், நிலப்பனை, கையோன்னி, முயற்செவி, திருதாளி, செறூளை, உழிஞ்ஞை. பத்தும் பிடுங்கி எறியப்படும் சாதி. இவற்றில் முக்குற்றி, பூவாங்குருந்தல், கையோன்னி, முயற்செவி எல்லாம் மழைக்குப் பிறந்து வெயிலுக்குப் போகும் ஓராண்டுக்காரர்கள்.

தமிழ்நாட்டுக் கண்ணால் பாருங்கள்: கையோன்னி நம் கரிசலாங்கண்ணி, தலைக்கு எண்ணெய். உழிஞ்ஞை நம் முடக்கத்தான், மூட்டுவலிக்குத் தோசை. செறூளை நம் சிறுபீளை. கொங்குநாட்டில் தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதே அதை வைத்துத்தான்.

வருஷத்தில் பதினோரு மாதம் மம்பட்டி, ஒரு மாதம் மரியாதை. பஞ்ச மாதம் என்று பேரெடுத்த கர்க்கடகத்தில், காசு போட்டு வாங்க முடியாதவனும் தன் மதிலோரத்தில் பறித்துச் சாமி முன்னால் வைக்கலாம் என்று முன்னோர் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இப்போது அதையும் கட்டுப் போட்டு விற்கிறார்கள். நீ வாங்காதே, பெண்ணே. பாட்டியைக் கூட்டிக்கொண்டு தெருவோரம் ஒரு சுற்று நட. பத்தில் ஏழாவது தேறும்.

கேள்வி (பள்ளித்துறை): ஓணத்துப் பூக்களத்தில் தும்பைக்கு ஏன் தனி மரியாதை?

பதில்: சரியான நேரத்துக்கு வருகிறது, அதனால். இடவப்பாதியில் முளைத்து, சிங்கத்தில் வெள்ளையாகப் பூத்து, அத்தம் பத்து நாளுக்குக் காத்து நிற்கிறது. உங்கள் செண்டுமல்லி லாரியில் வருகிறது. தும்பை தானே வருகிறது.

பழந்தமிழ்ப் போர் இலக்கணத்தில் இரு படையும் நேருக்கு நேர் மோதும்போது சூடியது இந்தப் பூவைத்தான். வேந்தன் தலையில் ஏறிய களை இது ஒன்று.

கேள்வி (வெள்ளாயணி): நெல் வயலில் களை எடுக்க வந்தவர்கள் நெல்லைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுப்போனார்கள். கூலி கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். ஏமாற்றியது அவர்களல்ல. நெல்லோடு வளரும் ஒருவகைக் குதிரைவாலிப் புல் இளமையில் அச்சு அசல் நெல். காரணம் யார்? ஆயிரக்கணக்கான வருஷம் வயலில் களை எடுத்த கை! வித்தியாசமாகத் தெரிந்ததை எல்லாம் பிடுங்கினோம். நெல்லைப் போல் இருந்ததை விட்டோம். மிஞ்சியது விதை போட்டது. வேஷம் கட்டியது நாம்தான்.

நம் மாநிலத்து வரிநெல்லு இன்னும் ஒரு படி மேல். அது நெல்லேதான், ஆனால் அறுவடைக்கு முன்னே மணியை உதிர்த்துவிட்டு அடுத்த போகத்துக்குத் தயாராகிவிடும். நீங்கள் அரிவாள் எடுக்கும்போது அது விதைத்து முடித்திருக்கும்.

கேள்வி (வெள்ளாயணி, அவர் மகன்): களை பயிரானது உண்டா?

பதில்: உண்டு. ரை தானியம் கோதுமை வயலில் களையாக இருந்தது. குளிர் கூடிய, மண் கெட்ட இடங்களில் கோதுமை தோற்றது, ரை நின்றது. விவசாயி “சரி, நீயே இரு” என்றான். கண்டுபிடித்துச் சொன்னவர் ரஷ்யாவின் வவிலோவ். உலகத்துக்கே உணவு விதை சேகரித்த அந்த மனிதர் 1943-ல் ஸ்டாலினின் சிறையில் பசியால் இறந்தார். இந்தப் பதிலில் சிரிப்பு வராது, தம்பி.

கேள்வி (கோவில்பட்டி): எங்கள் சோளக் காட்டில் சுடுமல்லி. பூ அழகு. பயிர் காய்கிறது. என்ன சம்பந்தம்?

பதில்: கள்ளச் சம்பந்தம். மண்ணுக்கடியில் சோள வேரில் குழாய் போட்டு உறிஞ்சுகிறது. சோள வேர் கசியவிடும் ஒரு ரசாயன வாசனை எட்டும்வரை அதன் விதை முளைக்காது, வருஷக்கணக்கில் காத்திருக்கும். நீங்கள் வெளியே பூவைப் பார்க்கும்போது உள்ளே சேதம் முடிந்திருக்கும். இருந்தாலும் பிடுங்குங்கள், இந்த வருஷத்துச் சோளத்துக்காக அல்ல, வரப்போகும் சோளத்துக்காக. முடிந்தால் அடுத்த போகம் அதற்குச் சோறு போடாத பயறு வகைக்கு மாறுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பார்த்தீனியம் எப்படி வந்தது? எப்படிப் போகும்?

பதில்: 1950-களில் புணேயில் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்கிறார்கள். முளைத்து ஒரு மாதம் ஆகும் முன்பே பூக்கத் தொடங்கும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும். தோலில் பட்டால் அரிப்பு, மூச்சில் போனால் இளைப்பு.

மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த ஒரு வண்டை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். அது இலையைத் தின்கிறது, பாவம், ஆனால் செடி போடும் விதைக்கு ஈடுகொடுக்க அதனால் முடியவில்லை. கையுறை மாட்டுங்கள். பூ வெளுக்கும் முன் வேரோடு எடுங்கள். மாநகராட்சி வரும் என்று காத்திருந்தால், முதலில் வருவது பூ.

கேள்வி (நெய்யாற்றின்கரை): களைக்கொல்லி அடித்து ஒரே நாளில் முடித்தால் என்ன?

பதில்: எந்த மருந்து? கிளைபோசேட் என்றால், கேரள அரசு 2019 பிப்ரவரியிலேயே தடை போட்டுவிட்டது. வேறு எது என்றாலும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓராண்டுச் செடிக்கு வருஷம் தவறாமல் புதுத் தலைமுறை. ஒவ்வொரு தெளிப்பும் அதற்கு ஒரு பரீட்சை. ஆயிரத்தில் ஒன்று தேறினால், அடுத்த வருஷம் முளைப்பதெல்லாம் தேறியவன் பிள்ளை.

நம் கீரைக்குப் பங்காளியான பாமர் கீரை அமெரிக்கப் பருத்திக் காட்டில் இதைத்தான் செய்தது. ஒரு பெண்செடிக்குப் பல லட்சம் விதை. 2000-களின் நடுவில் ஜார்ஜியா மாநிலத்தில் கிளைபோசேட்டைக் குடித்துவிட்டு நிமிர்ந்து நின்றது. விமானத்திலிருந்து மருந்து தெளித்த நாட்டில் திரும்பவும் மம்பட்டியோடு ஆள் இறக்கினார்கள்.

கேள்வி (கரமனை, மாமி): பருப்புக்கீரையைப் பிடுங்கி அங்கேயே போட்டேன். ஒரு வாரத்தில் எழுந்து நிற்கிறதே, பேயா?

பதில்: தண்டு நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறது, மாமி. கிடந்த இடத்திலேயே வேர் விடும். பூத்திருந்தால் பிடுங்கிய பிறகும் விதையை முற்ற வைக்கும். தரையில் போடாதீர்கள், வாணலியில் போடுங்கள். அங்கிருந்து எழுந்ததாகத் தகவல் இல்லை.

கேள்வி (காளியக்காவிளை): பூத்த களையைச் சாணக்குழியில் போடலாமா?

பதில்: குழி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகுமா? ஆகுமென்றால் போடலாம். ஆறிக் கிடக்கும் குழியானால், வருகிற வருஷம் உரத்தோடு களையையும் நீங்களே விதைப்பீர்கள்.

கேள்வி (சாலை கடைத்தெரு): முற்றம் பூராவும் இன்டர்லாக் போட்டுவிட்டேன். களைத் தொல்லை தீர்ந்தது. பாராட்டுங்கள்.

பதில்: இடுக்கில் குனிந்து பாருங்கள், அம்மான் பச்சரிசி உங்களைப் பாராட்டும். களை தீரவில்லை, மண்ணுக்குள் இறங்கிய மழைதான் தீர்ந்தது. இனி அது ரோட்டில் ஓடும். மீனத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): களையைப் பற்றி வள்ளுவர் என்ன சொல்கிறார்?

பதில்: உழவு அதிகாரத்தில் ஏரைவிட எரு மேல், நீரைவிடக் காவல் மேல் என்று தராசு பிடிக்கிறார். களையெடுப்பைத் தராசிலேயே வைக்கவில்லை. எடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டுதான் மேலே பேசுகிறார். எடுக்காதவனோடு அவருக்குப் பேச்சு இல்லை.

கேள்வி (பாளையம், நூலகப் பிரியர்): நம் ஊர்க் களைகளைப் பற்றிப் பழைய புத்தகம் உண்டா?

பதில்: உங்கள் பக்கத்திலேயே. கொச்சியை ஆண்ட டச்சுக்காரர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரின் அறிவைக் கேட்டெழுத, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதியாக லத்தீனில் அச்சான ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’. கீழாநெல்லி வரை படம் உண்டு.

கே.எஸ். மணிலால் என்ற பேராசிரியர் தன் வாழ்நாளை அதற்கே கொடுத்தார். அவர் மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் ஆங்கிலத்திலும் 2008-ல் மலையாளத்திலும் வெளியிட்டது. அச்சுதன் சொன்னது அவர் மண்ணின் மொழிக்குத் திரும்ப 300 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கேள்வி (பாறசாலை): கீழாநெல்லி காமாலையை நிஜமாகவே தீர்க்குமா?

பதில்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’டில் நல்ல சேதி எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தச் சேதி அப்படியே திரும்ப வரவில்லை. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. கீழாநெல்லி ஓடிப்போகாது.

கேள்வி (தும்பா, ராக்கெட் மையத்துப் பக்கம்): களை விண்வெளிக்குப் போனதுண்டா?

பதில்: அதற்கும் மேலே. அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தில் ஒரு பொடிக் களை. ஆறு வாரத்தில் விதையிலிருந்து விதை. அந்த அவசரத்துக்காகவே விஞ்ஞானிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2000-ல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் செடி அதுதான். நெல்லுக்குக்கூட அடுத்த இடம்தான். புளோரிடாவில், அப்பல்லோ கொண்டுவந்த நிலா மண்ணில் அதை விதைத்ததாக 2022-ல் அறிவித்தார்கள். முளைத்தது! சோனியாக, முனகிக்கொண்டு, ஆனாலும் முளைத்தது.

கேள்வி (மணக்காடு): ஓணத்துக்கு முன்னால் மெஷின் வைத்துத் தெருவோரப் புல்லை வெட்டுகிறார்கள். ஆனாலும் வருஷா வருஷம் கூடுகிறதே?

பதில்: வெட்டும் தேதியைப் பாருங்கள். பாதிச் செடி விதை போட்டு முடித்து, சாகத் தயாராக நிற்கும்போது வெட்டுகிறார்கள். மெஷின் அந்த விதையை நாலு வீடு தள்ளித் தூவிக் கொடுக்கிறது. வெட்டுவதற்குச் செலவாகும் அதே பணத்தை மிதுனத்தில், மொட்டுக் கட்டும் முன் செலவழித்தால் அடுத்த வருஷம் வேலை குறையும். யாரிடம் சொல்வது என்று கேட்காதீர்கள். வார்டு உறுப்பினரிடம் தேதியோடு எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.

கேள்வி (கல்பாத்தி): பத்திலைத் தோரனுக்குத் தகரை எப்போது பறிப்பது?

பதில்: கர்க்கடகத்திலேயே, மஞ்சள் பூ தலைகாட்டும் முன், மேல் தளிரை மட்டும். பூத்துவிட்டால் இலை முற்றும். அப்புறம் ஊசி ஊசியாகக் காய், அதற்குள் கல் போன்ற விதை. தளிரைப் பறித்த கையோடு அடிச்செடியையும் பிடுங்கிவிடுங்கள். தேங்காய் கொஞ்சம் தாராளமாக.